கேரல் ரவுண்ட்ஸ் பொறுப்பை முதன்முறை ஏற்பவர்களுக்கு: புதுச்சேரி, கடலூர் பகுதிக்கான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளில் வீடு வீடாகப் போய்ப் பிறப்புப் பாட்டுப் பாடி வாழ்த்துவதைத்தான் கேரல் ரவுண்ட்ஸ் என்கிறோம். 2023 டிசம்பரில் எங்கள் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் கீழ் வரும் கோயில் சமூகத்தின்) இளையோர் குழுவுக்கு நான் செயலராக இருந்தேன். பாட்டு தெரியும், கிட்டார் இருக்கிறது, கூட வர நண்பர்கள் இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற நினைப்பில் இறங்கினேன். மூன்று இரவுகளில் போக வேண்டிய 60 வீடுகளில் 34 வீடுகளுக்குத்தான் போக முடிந்தது. முதல் இரவிலேயே மூன்றாவது வீட்டு வாசலில் ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். கடைசியில் காணிக்கைக் கணக்கில் 700 ரூபாய் இடித்தது. அடுத்த ஆண்டும் அதே பொறுப்பு என் தலையிலேயே விழுந்தபோது, முந்தைய ஆண்டு எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினேன். அந்த நோட்டின் விரிவுதான் இக்கட்டுரை. நான் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவன் என்பதால் அந்த வழக்கத்தை வைத்தே எழுதுகிறேன். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையினர் பங்குத்தந்தை என்னும் இடத்தில் ஆயர் என்றும், அன்பியம் (பங்குக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) என்னும் இடத்தில் தங்கள் சேகரத்தின் பகுதி என்றும் வைத்துப் படித்தால் பெரும்பாலும் பொருந்தும்.

1. நவம்பர் முதல் வாரத்திலேயே பங்குத்தந்தையைப் பாருங்கள்

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டிலும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்குப் பிறகு பங்குத்தந்தையைத் தனியாக உட்கார்ந்து பேசப் பிடிக்க முடியாது. ஒப்புரவு வழிபாடு, குடில் வேலை, நோயாளிகளுக்கு நற்கருணை என்று அவருடைய நாட்கள் நிறைந்துவிடும். ஆகவே நவம்பர் முதல் வாரத்தில், ஞாயிறு பூசை முடிந்த பரபரப்பில் இல்லாமல், ஒரு வார நாளின் மாலையில் பங்கு அலுவலகத்துக்குப் போங்கள். அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியவை மூன்று: எந்தெந்தத் தேதிகள் என்ற ஒப்புதல், எந்தெந்த அன்பியங்களுக்குப் போகலாம் என்ற வரையறை, பங்கின் முகவரித்தாளில் முத்திரையோடு ஓர் அறிமுகக் கடிதம். அந்தக் கடிதத்தில் குழுவின் பெயர், பொறுப்பாளர் இருவரின் பெயர், தேதிகள், நேரம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். "இவர்கள் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள்" என்று மட்டும் எழுதிய கடிதத்தை நான் 2023இல் காவல் நிலையத்துக்கு எடுத்துச் சென்றேன். அதை அங்கே யாரும் இரண்டாவது முறை புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடிதத்தை ஐந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிகளைப் பொறுத்தவரை, டிசம்பர் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் என்பதை மறக்காதீர்கள். குழுவில் பள்ளி மாணவர்கள் இருந்தால் பெற்றோரிடமிருந்து ஒரு வரியாவது எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு பையனை அழைத்துப் போய், இரவு பத்தே முக்காலுக்கு அவனுடைய அப்பா வேன் முன்னால் வந்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

2. வீட்டுப் பட்டியலைப் புதிதாக எழுதுங்கள், பழையதை நகலெடுக்காதீர்கள்

இந்த வேலையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நாங்கள் முதல் ஆண்டு பயன்படுத்திய பட்டியல் மூன்று ஆண்டுக்கு முந்தையது. அதிலிருந்த வீடுகளில் சிலவற்றில் வாடகைக்கு வேறு குடும்பங்கள் வந்திருந்தன. நாங்கள் வாசலில் நின்று பாடத் தொடங்கிய பிறகுதான் உள்ளிருந்தவர் வந்து, வீட்டுக்காரர் நெல்லித்தோப்புக்குக் குடிபோய்விட்டார் என்று சொன்னார்.

ஒவ்வோர் அன்பியத்தின் பொறுப்பாளரிடமும் நேரில் போய் உட்காருங்கள். பெயர், கதவு எண், மாடி, அடையாளம், தொலைபேசி எண் ஆகியவற்றோடு இன்னொரு கட்டத்தையும் பட்டியலில் சேருங்கள்: அந்த வீட்டில் இந்த ஆண்டு துக்கம் நடந்திருக்கிறதா? துக்க வீட்டார் பலர் முதல் கிறிஸ்துமஸுக்கு மேளதாளத்தை விரும்புவதில்லை. ஆனால் அந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனால் அது இன்னும் புண்படுத்தும். முன்கூட்டியே கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதித்தால் நான்கைந்து பேர் மட்டும் உள்ளே போய், வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டுப் பாடி, ஒரு செபம் சொல்லி வருவது வழக்கம். இதை நாங்கள் தெரிந்துகொண்டது, இரண்டு மாதத்துக்கு முன் மகனை இழந்த ஓர் அம்மாவின் வாசலில் டோலக்கை அடித்த பிறகுதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தின் செயலரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். காவலாளியிடம் அன்றிரவு பேசி உள்ளே போகலாம் என்று எண்ணாதீர்கள். பட்டியலில் இல்லாத வீட்டு மணியை நீங்களாக அடிக்கவும் வேண்டாம். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் குடும்பத்தினர் "எங்க வீட்டுக்கும் வாங்க" என்று கூப்பிடுவது நம் ஊரில் சகஜம். கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள், எங்கள் குழுவில் டோலக் வாசிப்பவனே முத்தியால்பேட்டை இந்து வீட்டுப் பையன்தான். ஆனால் துண்டுப் பிரசுரம் எதையும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த காரியம் பாட்டு மட்டும்தான் என்பதில் யாருக்கும் ஐயம் வரக் கூடாது.

3. காவல் நிலைய அனுமதி: எத்தனை எல்லை, அத்தனை மனு

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்கு உள்ளே தவிர, அதற்கு அனுமதியே இல்லை. பலருக்குத் தெரியாத செய்தி, இந்த இரவுத் தடை ஒலிபெருக்கிக்கு மட்டுமல்ல, இசைக்கருவிகளுக்கும் சேர்த்துத்தான் என்பது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு டோலக்கை மட்டும் அடிக்கலாம் என்று நாங்கள் போட்ட கணக்கு அங்கேதான் தவறியது. பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 மணி வரை நேரத்தைத் தளர்த்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் அப்படித் தளர்த்த முடியாது. நீங்கள் போகும் நாளுக்கு அந்தத் தளர்வு இருக்கிறது என்று எழுத்தில் பார்க்காதவரை, 10 மணியோடு வாத்தியத்தை மூட்டை கட்டிவிடுங்கள்.

மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டராவது அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருக்கலாம். புதுச்சேரி நகரத்துக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனைப் பக்கமோ, கோரிமேட்டில் ஜிப்மர் பக்கமோ உங்கள் வீடுகள் இருந்தால் அந்தத் தெருக்களில் குரல் மட்டும் போதும்.

இனி எல்லைச் சிக்கல். புதுச்சேரியும் கடலூரும் ஒரே உயர்மறைமாவட்டம். திருச்சபைக்கு அங்கே எல்லைக்கோடு இல்லை. காவல் துறைக்கு உண்டு. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம் புதுச்சேரிக் காவல் நிலையத்துக்கு உட்பட்டது. கொஞ்சம் தள்ளி ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டுக் காவல் நிலையம். இடையிடையே ஊர்கள் பின்னிக்கிடப்பதால், ஒரே இரவில் இரண்டு அரசின் எல்லைக்குள்ளும் போய் வருவது எளிதில் நடந்துவிடும். உங்கள் வழித்தடம் இரண்டு நிலையங்களைத் தொடுமானால் இரண்டு மனு கொடுங்கள். ஒன்றில் வாங்கிய அனுமதியை மற்றதில் காட்டி நிற்காதீர்கள்.

மனுவோடு நாங்கள் வைத்தவை: பங்குத்தந்தையின் கடிதம், தேதிவாரியாகத் தெருக்களின் பட்டியல், தொடங்கும் நேரமும் முடிக்கும் நேரமும், பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல், வேனின் பதிவு எண். குறைந்தது பத்து நாளுக்கு முன் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் ஆண்டு, புறப்படும் அன்று மாலை ஐந்து மணிக்கு நிலையத்துக்குப் போனேன். எழுத்தரிடம் கொடுத்துவிட்டு வந்ததையே அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வீட்டில் ரோந்து வண்டி வந்து நின்று "பேப்பர் எங்கே?" என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்; தவறு என்னுடையது.

4. நேரத்தை நிமிடக் கணக்கில் போடுங்கள்

மாலை 6 மணி முதல் 10 மணி வரை 240 நிமிடம். ஒரு வீட்டில் இரண்டு பாட்டு, ஒரு செபம், வாழ்த்து என்றால் 8 நிமிடம். அடுத்த வீட்டுக்கு நடக்க 4 நிமிடம். ஆக ஓர் இரவில் 20 வீடு. இதற்கு மேல் ஒரு வீடுகூடச் சேர்க்காதீர்கள். எங்கள் 60 வீடு மூன்று இரவில் அடங்கும் என்பது தாளில் சரிதான். ஆனால் வீட்டுக்கு வீடு தட்டு வரும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கல்கல், முறுக்கு, ரவையும் ரம்மில் ஊறிய பழங்களும் சேர்த்துச் செய்யும் நம் ஊர் விவிக்கம் கேக் என்று நீட்டினால் வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? இருபத்தைந்து பேர் தின்று, தண்ணீர் குடித்துக் கிளம்பக் கால் மணி நேரம் ஆகிவிடும். அடைத்த வாயோடு மேல் ஸ்தாயியும் எட்டாது. இரண்டாம் ஆண்டு அன்பியப் பொறுப்பாளர்கள் வழியாக முன்பே சொல்லி வைத்தோம்: பலகாரத்தைப் பொட்டலமாகக் கொடுங்கள், கடைசி வீட்டில் மட்டும் தேநீர்.

மழைக்கு ஓர் இரவை ஒதுக்கி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நம் கரையை விடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்து, தொடர்ந்து தென்பெண்ணையிலும் சங்கராபரணியிலும் வெள்ளம் வந்தபோது எங்கள் பயிற்சி ஒரு வாரம் நின்றுபோனது. பட்டியலில் இருந்த தாழ்வான தெருவினர் சிலர் வீட்டைக் கழுவித் துடைத்து முடிக்கவே டிசம்பர் பாதி ஆகிவிட்டது. அவர்களைக் கடைசி இரவுக்குத் தள்ளி வைத்தோம்.

5. பாட்டும் பயிற்சியும்

பாட்டு ஆறு போதும்: துள்ளலானவை மூன்று, மெதுவானவை இரண்டு, பெரியவர்கள் கூடச் சேர்ந்து பாடும்படியான பழைய கீர்த்தனை ஒன்று. பன்னிரண்டு பாட்டு எடுத்துக்கொண்டு எதையும் உருப்படியாகப் பாடாத குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; எங்களுடையதும் அதில் ஒன்று. சுருதியைப் பாடகர் ஒருவரின் குரலுக்கு வைக்காமல் கூட்டத்தின் குரலுக்கு வையுங்கள். அறையில் எளிதாக எட்டும் சுருதி, மூன்று மணி நேரம் தெருவில் பாடிய பின் எட்டாது. எனவே கீபோர்டில் ஒரு படி இறக்கியே பயிற்சி செய்யுங்கள். ஆறு பாட்டையும் வாத்தியமே இல்லாமல் ஒரு முறையாவது முழுதாகப் பாடிப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பயிற்சிதான்.

அது எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முதல் ஆண்டின் இரண்டாம் இரவில் கடைசி வீட்டை அடைந்தபோது மணி 10.40. தனியாக வசிக்கும் ஒரு பாட்டியின் வீடு. திண்ணையில் ஒரு எவர்சில்வர் தட்டில் இருபது, இருபத்தைந்து டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் சுக்கு காபியோடு உட்கார்ந்திருந்தார். "வரமாட்டீங்கன்னுட்டு வெளக்க அணைக்கப் போனேன் தம்பி" என்றார். கிட்டாரை உறையைவிட்டு எடுக்காமல், தணிந்த குரலில் இரண்டு பாட்டுப் பாடினோம். வாத்தியத்தோடு மட்டுமே பழகியிருந்ததால் இரண்டாவது பாட்டின் சரணத்தில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் வேறு பக்கமும் போய்விட்டார்கள். பாட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

6. வண்டி

வேன் எடுப்பதானால் அது மஞ்சள் பலகை வண்டியா (வாடகைக்கு ஓட்டப் பதிவானதா), பதிவு எந்த மாநிலம் என்பதை முதலில் கேளுங்கள். புதுச்சேரிப் பதிவுள்ள வாடகை வேன் கடலூர்ப் பக்கம் போகவும், தமிழ்நாட்டு வேன் இங்கே வரவும் பர்மிட் வேண்டும். அந்தச் செலவு வாடகையில் சேர்ந்ததா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகலைப் பொறுப்பாளர் ஒருவரும் கையில் வைத்திருக்க வேண்டும். இரவில் முள்ளோடை தாண்டிக் கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் மதுவுக்காக வண்டியைச் சோதிப்பார்கள். டோலக் உறையையும் கீபோர்டு பெட்டியையும் திறந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காமல் காட்டுங்கள். அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கடற்கரைச் சாலையில் நின்று பாடும் ஆசை இருந்தால், மாலை 6 மணிக்கு மேல் அங்கே வாகனம் நுழைய முடியாது என்பதால் பொருட்களைக் கையில் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும்.

7. செலவு

2024இல் எங்களுக்கு ஆனதை அப்படியே தருகிறேன். வேன் மூன்று இரவுக்கு 9,000 ரூபாய், பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் வாடகை 2,100, கிறிஸ்துமஸ் தாத்தா உடை வாடகை 900, மிட்டாய் 1,500, பாட்டுத்தாள் நகல் 240, கடைசி இரவு முப்பது பேருக்கு டிபன் 2,400. ஆக 16,140 ரூபாய். உடைக்குத் தனியாக 1,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். வீடுகள் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தால் வேனை விட்டுவிடுங்கள். செலவு பாதிக்குக் கீழே இறங்கும். இந்தத் தொகையைக் காணிக்கையிலிருந்து எடுக்கலாமா, குழுவினர் தனியாகப் போட வேண்டுமா என்பதை முதல் படியிலேயே பங்குத்தந்தையிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் கோயிலுக்கு என்று கொடுத்த பணத்தில் நாம் டிபன் சாப்பிட்டோம் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக, நாங்கள் தலைக்கு 550 ரூபாய் போட்டோம். வராத பணத்துக்கு இரண்டு அண்ணன்மார் பொறுப்பேற்றார்கள்.

8. வீட்டு வாசலில்

குழந்தை இயேசு சுரூபத்தை எடுத்துச் செல்வதானால் அதைச் சுமப்பவர் அன்றிரவு வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. ஒருவர் பட்டியலும் கடிகாரமும் வைத்திருக்க வேண்டும். ஒருவர் முன்னால் போய் அடுத்த வீட்டில் நாயைக் கட்டச் சொல்ல வேண்டும். இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை.

தாத்தா உடையோடு கடையில் தரும் பிளாஸ்டிக் முகமூடியைப் போடாதீர்கள். ஒரு வயதுக் குழந்தை அதைப் பார்த்து அலறிய அலறலில் அந்த வீட்டில் பாட்டே பாட முடியவில்லை. பஞ்சுத் தாடி போதும். செருப்பையும் மாற்றுங்கள்: "தாத்தா செருப்பு எங்க அண்ணன் செருப்பு மாதிரியே இருக்கு" என்று ஒரு சிறுமி கண்டுபிடித்துவிட்டாள், தாத்தா வேடத்தில் இருந்தவன் உண்மையிலேயே அவளுடைய அண்ணன்தான்.

காணிக்கைக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று, பூட்டிய உண்டியல் ஒன்று. தாத்தாவின் பையில் யாராவது பணம் போட்டால் அங்கேயே எடுத்து உண்டியலில் சேருங்கள். எங்களுக்கு இடித்த அந்த 700 ரூபாய், உடையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதன் பைக்குள்ளிருந்து கிடைத்தது.

9. கோயிலுக்குள் பாடுவது வேறு

வீதியில் டிசம்பர் நடுவிலேயே பிறப்புப் பாட்டுப் பாடுகிறோம் என்பதற்காக அதையே ஞாயிறு பூசையிலும் பாடிவிட முடியாது. திருவருகைக்காலம் காத்திருப்பின் காலம். அந்த ஞாயிறுகளில் வானவர் கீதம் (பூசையில் பாடும் 'உன்னதங்களிலே' புகழ்ப்பாட்டு) பாடுவதில்லை, வாத்தியங்களையும் அடக்கியே வாசிக்க வேண்டும். டிசம்பர் 24 இரவுத் திருப்பலியில் வானவர் கீதம் மணியோசையோடு திரும்ப வரும்போதுதான் உங்கள் டோலக்குக்கும் முழு உரிமை வருகிறது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முன்பே தனியாகக் கீத ஆராதனை நடப்பதால் அங்கே இந்தக் கட்டுப்பாடு வேறுவிதமாக இருக்கும். ஆயரைக் கேட்டுச் செய்யுங்கள்.

24ஆம் தேதி பூசைக்கு முன் அரை மணி நேரம் கேரல் பாட உங்களுக்கு இடம் கிடைத்தால், பாடற்குழுவின் பொறுப்பாளரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே மூன்றைப் பேசிவிடுங்கள்: எத்தனை மைக், யார் எங்கே நிற்பது, எந்தப் பாட்டு யாருக்கு. நாங்கள் பேசாமல் போனதில், நாங்கள் தொடக்கத்துக்கு வைத்திருந்த பாட்டையே அவர்கள் வருகைப் பாட்டாக வைத்திருந்தார்கள். பத்து நிமிட இடைவெளியில் மக்கள் அதை இரண்டு முறை கேட்டார்கள். தென் புலிவார் (சவுத் புல்வார் சாலை) இருதய ஆண்டவர் பசிலிக்கா, மிஷன் வீதி சம்பா கோயில் போன்ற இடங்களில் அன்றிரவு சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து கூட்டம் நெரியும். அங்கே பாடப் போகிறவர்கள் வாத்தியங்களை மாலையிலேயே உள்ளே சேர்த்துவிடுவது நல்லது.

10. கணக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டியவையும்

ஒவ்வோர் இரவும் கலைவதற்கு முன் உண்டியலைத் திறந்து, இருவர் எண்ணி, ரசீதுகளோடு ஒப்பிட்டு, இருவரும் நோட்டில் கையெழுத்திட வேண்டும். நாளை எண்ணிக்கொள்ளலாம் என்பது வேண்டாம். 23ஆம் தேதிக்குள் மொத்தப் பணத்தையும் பங்கு அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். 24 அன்று அங்கே யாரும் உட்கார்ந்து பணம் எண்ணமாட்டார்கள்.

ஸ்பீக்கரையும் உடையையும் 24 மதியத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 25 அன்று நாங்கள் போனபோது கடை பூட்டியிருந்தது. 26 அன்று கொடுத்ததற்கு இரண்டு நாள் கூடுதல் வாடகையும், தாடியில் ஒட்டியிருந்த கேக்குக்காகச் சலவைக் கூலி 150 ரூபாயும் வைப்புத்தொகையில் பிடித்துக்கொண்டார்கள்.